வாசகர் கேள்வி – பதில்: வெளிநாட்டுக் கடையிலிருந்து பொருள் எடுப்பிப்பவர்களுக்கு

இங்கே கிடைக்காத பொருட்களை வெளிநாட்டுக் கடைகளில் வாங்கி எடுப்பிப்பது பற்றி யாழ்ப்பாணத்தின் பல பகுதிகளிலிருந்தும் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால் இம்முறைப் பக்கம் முழுவதையும் அந்த விடயத்துக்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: அப்பா ஓடிய பழைய றலி சைக்கிளைத் திருத்தி எடுத்துவிட்டேன். பின்சில்லின் மூன்று கியர் ஹப்புக்குள் இருக்கும் சில உதிரிப்பாகங்கள் மட்டும் யாழ்ப்பாணத்திலும் இல்லை, கொழும்பிலும் இல்லை. இங்கிலாந்துக் கடையொன்றில் இருக்கின்றன. ஆனால் நாட்டுக்கு வெளியே அனுப்ப மாட்டோம் என்கிறார்கள். ‘பார்சல் ஃபோவேடிங்’ என்றொரு சேவை இருப்பதாக மருமகன் சொல்கிறார். அது என்ன, நம்பலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கொக்குவில்

பதில்: மருமகன் சொன்னது சரி. தமிழில் ‘மாற்றி அனுப்பும் சேவை’ என்று சொல்லக்கூடிய இது இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் தொழில். இந்த நிறுவனங்களுக்கு அமெரிக்கா, பிரித்தானியா, யப்பான் போன்ற நாடுகளில் களஞ்சியங்கள் இருக்கின்றன. நீங்கள் இணையத்தில் பதிந்துகொண்டதும், அந்தக் களஞ்சியத்தின் முகவரியையும் உங்களுக்கென்று ஓர் இலக்கத்தையும் தருவார்கள். கடையில் வாங்கும்போது அந்த முகவரியைக் கொடுக்கிறீர்கள். கடைக்காரருக்கு அது வெறும் உள்ளூர் விற்பனை. பொதி வந்து சேர்ந்ததும் அதை நிறுத்து, அளந்து, உங்கள் கணக்கில் காட்டுவார்கள். பல கடைகளில் வாங்கியவற்றை ஒரே பெட்டியில் சேர்த்துக் கட்டும்படியும் கேட்கலாம். பின்னர் கூலியைச் செலுத்தினால் கூரியர் மூலமோ தபால் மூலமோ உங்களுக்கு அனுப்பிவைப்பார்கள். அந்த இலக்கத்தை எழுதாமல் விட்டால் உங்கள் பொதி மற்றவர்களின் ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவில் யாருடையதென்று தெரியாமற் கிடக்கும் என்பதால், அதைப் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதச் செய்யுங்கள்.

நம்பலாமா என்ற கேள்விக்கு நிறுவனத்தின் விளம்பரம் பதிலாகாது. கட்டண அட்டவணை, ஏற்காத பொருட்களின் பட்டியல், களஞ்சியத்தில் இலவசமாக வைத்திருக்கும் நாட்களின் எண்ணிக்கை, தொலைந்தால் தரும் நட்டஈடு ஆகிய நான்கையும் வெளிப்படையாகப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அடையாள ஆவணத்தின் பிரதியைக் கேட்டால் திடுக்கிட வேண்டாம். மற்றவர்களுக்காகத் தபால் பெற்றுக்கொள்ளும் நிறுவனங்கள் அமெரிக்கத் தபால் சேவையின் 1583ஆம் இலக்கப் படிவத்தை நிரப்பி வாங்கவேண்டும் என்பது அந்நாட்டு விதி.

ஆனால், ஐயா, உங்களுடைய விடயத்தில் அந்தச் சேவைக்குப் போவதற்கு முன்பு பார்க்கவேண்டியவை இரண்டு இருக்கின்றன. முதலாவது வரி. பிரித்தானியக் கடைகள் காட்டும் விலைக்குள் 20 வீதப் பெறுமதி சேர் வரி அடங்கியிருக்கிறது. கடைக்காரரே நேரடியாக வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தால் அந்த வரியைக் கழித்து விற்க அவருக்கு வழியுண்டு. பிரித்தானியாவுக்குள் இருக்கும் களஞ்சிய முகவரிக்கு அனுப்பினால் உள்ளூர் விற்பனை என்ற முறையில் அறவிட்டே தீருவார். 60 பவுண் விலையில் 10 பவுண் அந்த வரிதான். அது பெரும்பாலும் உங்களுக்குத் திரும்பி வராது. இரண்டாவது, பழைய றலி சைக்கிள்களில் வழக்கமாக இருக்கும் ஸ்டேர்மி ஆர்ச்சர் ஹப்புகளின் உற்பத்தி 2000ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தை விட்டுத் தாய்வான் நிறுவனமொன்றின் கைக்குப் போய்விட்டது. அந்தப் பெயரில் உதிரிப்பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன; அவற்றை இலங்கைக்கே நேரடியாக அனுப்பும் விற்பனையாளர்களைத் தேடிப் பாருங்கள். நேரடியாக அனுப்பும் கடை இருக்கும்போது இடையில் ஒரு களஞ்சியத்தை வைத்துக்கொள்வதில் எந்தப் பயனும் இல்லை.

வாங்குவதற்கு முன் ஹப்பின் மேற்பகுதியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பாருங்கள். மாதிரிப் பெயரும், பல பழைய ஹப்புகளில் அது செய்யப்பட்ட ஆண்டும் மாதமும் இலக்கமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் படம் பிடித்துக் கடைக்கு அனுப்பிவிட்டு வாங்குவதே பாதுகாப்பு. கியரை இழுக்கும் அந்தச் சிறிய சங்கிலிகூட அச்சின் நீளத்துக்கு ஏற்ப வேறுபடும். பிழையானது வந்தால் திருப்பி அனுப்பும் செலவு பொருளின் விலையை விஞ்சிவிடும்.

கேள்வி: எங்கள் கைக்குழந்தைக்குக் காரில் பூட்டும் ஆசனம் ஒன்றை அமெரிக்கக் கடையில் பாதி விலைக்குப் போட்டிருக்கிறார்கள். நிறை 7 கிலோதான். மாற்றி அனுப்பும் சேவை மூலம் எடுத்தால் இலாபமா? சுங்கத்தில் எவ்வளவு கட்டவேண்டி வரும்?
— இளந் தாய், கோண்டாவில்

பதில்: குழந்தையின் பாதுகாப்புக்காக இவ்வளவு தேடுகிறீர்கள் என்பதே மகிழ்ச்சி தருகிறது, இங்கே பலர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் ஆசனத்தில் போவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. ஆயினும் இந்தப் பொருளை விமானத்தில் எடுப்பிக்கவேண்டாம் என்றே சொல்வோம். காரணம் நிறையல்ல, பெட்டியின் பருமன்.

கூரியர் நிறுவனங்கள் தராசில் வரும் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி, 5000ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாகக் கொள்வார்கள். உண்மை நிறை, இந்தக் கணக்கு நிறை ஆகிய இரண்டில் எது கூடவோ அதற்கே கூலி. உங்கள் ஆசனத்தின் பெட்டி 65, 45, 45 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 1,31,625, வகுத்தால் 26 கிலோவுக்கு மேல். அதாவது 7 கிலோப் பொருளுக்கு 26 கிலோவுக்குரிய கூலியைக் கட்டுகிறீர்கள். சப்பாத்து, உடுப்பு போன்றவற்றில் கடைப்பெட்டியை அகற்றிவிட்டுச் சிறிதாகக் கட்டும்படி களஞ்சியத்தைக் கேட்கலாம். ஆசனத்தை மடக்க முடியாது.

இந்தக் கூலி சுங்கக் கணக்கிலும் வந்து ஏறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இலங்கைச் சுங்கம் வரிக்கு எடுத்துக்கொள்ளும் பெறுமதி, பொருளின் விலையோடு காப்புறுதியையும் இங்கு வந்து சேரும் வரையான கூலியையும் கூட்டியது. பொருள் 100 டொலர், கூலியும் காப்புறுதியும் 60 டொலர் என்றால் கணக்கு 160 டொலரிலிருந்து ஆரம்பிக்கும். அதன்மேல் இறக்குமதித் தீர்வை, துறைமுக விமானநிலைய அபிவிருத்தி அறவீடு, சில பொருட்களுக்குச் செஸ் வரி என்பன அடுக்கடுக்காக வரும். 2022 ஒக்டோபரிலிருந்து 2.5 வீதச் சமூகப் பாதுகாப்பு அறவீடும் உண்டு. 2024 சனவரி முதலாந் திகதியிலிருந்து 18 வீதமாக இருக்கும் பெறுமதி சேர் வரி, தீர்வையும் சேர்ந்த தொகையின் மீதே கணக்கிடப்படுகிறது. ஆகவே 100 டொலருக்கு 18 டொலர்தானே என்று எண்ணிக்கொண்டு வாங்குபவர்கள், கூரியர்காரர் நீட்டும் பற்றுச்சீட்டைப் பார்த்துக் கலங்கிப்போகிறார்கள்.

தீர்வை எவ்வளவு என்பது பொருளின் வகைக் குறியீட்டைப் பொறுத்தது. உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் எச்எஸ் குறியீட்டின் முதல் ஆறு இலக்கங்கள் எங்கும் ஒன்றே. விற்பனையாளரிடமோ மாற்றி அனுப்பும் நிறுவனத்திடமோ அந்தக் குறியீட்டைக் கேட்டு வாங்கி, இலங்கைச் சுங்கத்தின் இணையத்தளத்தில் இருக்கும் தீர்வை அட்டவணையில் பாருங்கள். வீதங்கள் வர்த்தமானி மூலம் மாறிக்கொண்டிருப்பவை என்பதால், நண்பர் ஒருவர் போன ஆண்டு கட்டிய தொகையை அளவாக எடுக்கவேண்டாம். இறக்குமதிக் கட்டுப்பாடும் அப்படித்தான்: 2020இலிருந்து அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் எத்தனையோ பொருட்கள் நிறுத்தப்பட்டுப் பிறகு கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. வாகனங்களுக்கு அது 2025 வரை சென்றது.

உங்களுக்கு எமது ஆலோசனை இதுதான். முதலில் கொழும்புக் கடைகளில் விசாரியுங்கள். அங்கும் இல்லையென்றால், லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் உறவினர் கடல் வழியாக அனுப்பும் பெட்டியில் வைத்துவிடச் சொல்லுங்கள். பருமன் கூடிய, நிறை குறைந்த பொருட்களுக்குக் கப்பல்தான் ஏற்றது; மாதக்கணக்கில் பொறுத்திருக்கவேண்டும், அவ்வளவே. வாங்கும் ஆசனம் உங்கள் காரின் பட்டியால் கட்டக்கூடியதா, அல்லது புதிய கார்களில் மட்டும் இருக்கும் இரும்புக் கொளுவி தேவைப்படுமா என்பதையும், ஆசனத்தின் அடியில் அச்சிட்டிருக்கும் காலாவதித் திகதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி விலைக்குத் தள்ளிவிடுவதற்கு அந்தத் திகதி கிட்டுவதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கேள்வி: பொருளின் பெறுமதியை 10 டொலர் என்று போட்டு, ‘அன்பளிப்பு’ என்று குறிக்கச் சொன்னால் வரி வராது என்று சிலர் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?
— சாவகச்சேரி

பதில்: செய்யவே கூடாது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள் அன்பளிப்பல்ல. அன்பளிப்பு என்று எழுதியதாலேயே தீர்வை இல்லாமற் போவதுமில்லை. 1869ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சுங்கக் கட்டளைச் சட்டத்தின்படி பொய்யான பிரகடனம் குற்றம். பொருளைப் பறிமுதல் செய்யவும் தண்டம் விதிக்கவும் அதிகாரம் இருக்கிறது. எழுதிய விலையில் சந்தேகம் வந்தால் அதே போன்ற பொருளின் விலையைக் கொண்டு அதிகாரிகள் கணிப்பார்கள். இணையத்தில் விலையைத் தேட அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும். இன்னொரு பக்கமும் இருக்கிறது. பொதி வழியில் தொலைந்தால், நீங்கள் எழுதிய 10 டொலருக்கு மேல் எவரும் நட்டஈடு தரமாட்டார்கள். கடையின் பற்றுச்சீட்டையும் வங்கி அட்டையில் கழிந்த தொகையைக் காட்டும் பதிவையும் ஒன்றாக வைத்திருங்கள். சுங்கத்தில் கேள்வி எழுந்தால் உங்கள் பக்கம் பேசுபவை அவைதான்.

கேள்வி: 20,000 மில்லி அம்பியர் மணி பவர் பாங்க் ஒன்றையும் ஒரு வாசனைத் திரவியப் போத்தலையும் களஞ்சிய முகவரிக்கு வாங்கிவிட்டேன். இரண்டையும் அனுப்ப மறுக்கிறார்கள். ஏன்?
— பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி

பதில்: லிதியம் மின்கலம் சூடேறித் தீப்பற்றக்கூடியது, விமானத்தின் சரக்கறையில் அந்தத் தீயை அணைப்பது மிகக் கடினம். அதனால் தனியாக வரும் லிதியம் அயன் மின்கலங்களைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்பிரல் முதலாந் திகதியிலிருந்து தடைசெய்யப்பட்டிருக்கிறது. கைத்தொலைபேசிக்குள்ளோ கமெராவுக்குள்ளோ பொருத்தியபடி வரும் மின்கலத்துக்கு விதி சற்று இளக்கம்; பவர் பாங்க் தனி மின்கலமாகவே கொள்ளப்படும். வாசனைத் திரவியத்தில் பெரும்பகுதி அற்ககோல் என்பதால் அது எளிதில் தீப்பற்றும் திரவம் என்ற வகுப்பில் அடங்கும். நகப்பூச்சும் அவ்வாறே. அமுக்கத்தோடு அடைத்த தெளிப்பான்களும் ஆபத்தான பொருட்களாகவே கொள்ளப்படும். களஞ்சியத்தில் இலவச நாட்கள் முடிவதற்குள் கடைக்கே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். யாராவது ஊருக்கு வருவதாக இருந்தால் பவர் பாங்க்கைக் கைப்பையில் கொண்டுவரலாம்: உங்களுடையது ஏறத்தாழ 74 வாட் மணி, பயணிகளுக்கு வழக்கமாக அனுமதிக்கப்படும் எல்லை 100. பெரிய பயணப்பெட்டிக்குள் வைத்து ஏற்றக் கொடுக்கவே கூடாது என்று அவருக்கு மறக்காமற் சொல்லுங்கள்.

கேள்வி: யப்பானிய இணையச் சந்தையில் பாவித்த பூவேலைத் தையல் இயந்திரம் ஒன்றைக் கண்டேன். இங்குள்ள விலையோடு ஒப்பிட்டால் மிக மலிவு. என் அட்டையை அந்தத் தளம் ஏற்கவில்லை. வேறு வழி உண்டா?
— தையற்கடை உரிமையாளர், மானிப்பாய்

பதில்: வழி உண்டு. யப்பானில் மாற்றி அனுப்புவதோடு, உங்களுக்காக வாங்கியும் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. வெளிநாட்டு அட்டையையும் முகவரியையும் ஏற்காத தளங்களில் அவர்கள் தங்கள் பெயரில் வாங்கி, சேவைக் கட்டணமொன்றைச் சேர்த்து, உங்களிடம் அறவிடுவார்கள்.

ஆனால் அந்த மலிவு விலைக்கு ஒரு காரணம் இருக்கிறது. யப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம்முடையது 230 வோல்ட். யப்பானிய உள்நாட்டு விற்பனைக்குச் செய்த இயந்திரத்தை நம் சுவரில் நேரே சொருகினால், ஆளி போட்ட அந்தக் கணத்திலேயே கரிந்துவிடக்கூடும். இயந்திரத்தின் பின்பக்கத்திலோ அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டைப் படம் எடுத்து அனுப்பும்படி வாங்கித்தருபவரிடம் கேளுங்கள். அதில் ‘100–240’ என்றிருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். ‘100’ மட்டும் இருந்தால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் ஒன்றை இங்கே வாங்கவேண்டும். அதன் வாட் அளவு இயந்திரத்தின் வாட்டைவிடத் தாராளமாகக் கூடியிருக்கட்டும். அதிர்வெண்ணையும் பாருங்கள். யப்பானின் கிழக்கில் 50 ஹேர்ட்ஸ், மேற்கில் 60, நம்முடையது 50. டிரான்ஸ்போமர் அதை மாற்றாது. ‘50/60’ என்று போட்டிருந்தால் கவலையில்லை.

உள்நாட்டு மாதிரிகளில் திரையின் எழுத்தும் கைநூலும் பெரும்பாலும் யப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும். உத்தரவாதமும் யப்பானுக்குள் மட்டும். கடையை நம்பி வாழும் ஒருவர், பழுதானால் திருத்த ஆளில்லாத இயந்திரத்தைப் பாரக் கூலியும் சுங்கமும் கட்டி எடுப்பிப்பதை எம்மால் ஊக்குவிக்க முடியவில்லை. அந்த மாதிரிக்குரிய ஊசித் தண்டு, பாதம், நூற்கண்டுக் கூடு போன்ற சிறு பாகங்கள் வேண்டுமென்றால் இந்த வழி மிகப் பொருத்தமானது: நிறையும் இல்லை, பருமனும் இல்லை, இங்கே கிடைப்பதும் இல்லை.

கேள்வி: விதையில்லாத புதிய இனத் திராட்சைத் தடிகளை வெளிநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து இப்படி எடுப்பிக்கலாமா?
— விவசாயி, உரும்பிராய்

பதில்: வேண்டாம், ஐயா. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், இறக்குமதி அனுமதிப்பத்திரமும் அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் நடுகைப் பொருள் எதுவும் வரமுடியாது; வந்தால் கட்டுநாயக்காவிலுள்ள தாவரத் தொற்றுநீக்கச் சேவையில் அழிக்கப்படும். ஒரு தடியோடு வரும் பூஞ்சணம் வலிகாமத்துத் திராட்சைப் பந்தல்கள் முழுவதையும் தின்றுவிடலாம் என்பதால் இந்தக் கட்டுப்பாட்டை நாம் மனதார ஆதரிக்கிறோம். விவசாயத் திணைக்களத்திடம் முறைப்படி விண்ணப்பியுங்கள்.

கேள்வி: தம்பி ரொறன்ரோவில் இருக்கிறார். அவருடைய வீட்டு முகவரிக்கே வாங்கிப் போட்டால் கம்பனிக்குக் கொடுக்கும் காசு மிச்சம்தானே?
— வேலணை

பதில்: தம்பிக்கு நேரமும் மனமும் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. இரண்டு விடயங்களை மட்டும் பாருங்கள். ஒன்ராறியோவில் பெரும்பாலான பொருட்களுக்கு 13 வீத விற்பனை வரி உண்டு. அது திரும்பி வராது. அமெரிக்காவில் ஒரிகன், டெலவெயர் போன்ற மாநிலங்களில் மாநில விற்பனை வரி இல்லாததால் மாற்றி அனுப்பும் களஞ்சியங்கள் பல அங்கே இருக்கின்றன. விலை கூடிய பொருளென்றால் அந்த 13 வீதம் கம்பனிக் கட்டணத்தை ஈடுசெய்துவிடவும் கூடும். இரண்டையும் எழுதிப் பார்த்து முடிவெடுங்கள். மற்றது, தம்பி தனியாளாகத் தபாலில் அனுப்பும் கூலி, மொத்தமாக அனுப்பும் நிறுவனங்களுக்குக் கூரியர்கள் கொடுக்கும் கழிவு விலையைவிடக் கூடவாக இருக்கலாம். அவர் ஊருக்கு வரும்போது கையோடு கொண்டுவரக்கூடிய பொருளென்றால் இந்தக் கணக்கெதுவும் தேவையில்லை.

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் வீடுகளுக்கு இலக்கமில்லை. படிவத்தில் முகவரியை எப்படி நிரப்புவது?
— நீர்வேலி

பதில்: ஒழுங்கையின் பெயர், அருகிலுள்ள கோயில் அல்லது பாடசாலை, ஊர், யாழ்ப்பாணம் என்று வரிசையாக, உங்கள் தபாலகம் பாவிக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே எழுதுங்கள். பெயர் தேசிய அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். சுங்கத்துக்கு அட்டையின் பிரதி தேவைப்படும்போது வேறுபாடு இருந்தால் பொதி நின்றுவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம் தொலைபேசி இலக்கம். 94 என்ற நாட்டுக் குறியீட்டோடு, முதற் பூச்சியத்தை விட்டு, எப்போதும் கையில் இருக்கும் தொலைபேசியின் இலக்கத்தைக் கொடுங்கள். பொதி கட்டுநாயக்காவில் இறங்கியதும் கூரியர் நிறுவனம் முதலில் தேடுவது அந்த இலக்கத்தைத்தான். தபால் வழியாக வந்தால் அறிவித்தற் கடதாசி வீட்டுக்கு வரும். அதில் குறித்த நாளுக்குள் போகாவிட்டால் பொதி அனுப்பியவருக்கே திரும்பிப் போகக்கூடும் என்பதால் தபாற்காரரிடமும் முற்கூட்டிச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: பொதி நசிந்து வந்தால் யாரிடம் முறையிடுவது? கடையா, களஞ்சியமா, கூரியரா?
— பருத்தித்துறை

பதில்: கடையின் பொறுப்பு பெரும்பாலும் களஞ்சிய வாசலோடு முடிந்துவிடுகிறது. ஆகவே பொருள் களஞ்சியத்துக்கு வந்த அன்றே, ஒரு சிறு கட்டணம் கேட்டாலும் கொடுத்து, பெட்டியைத் திறந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உடைந்தோ மாறியோ வந்திருந்தால் கடைக்குத் திருப்பி அனுப்பக்கூடிய கடைசித் தருணம் அதுதான். அங்கிருந்து புறப்பட்ட பின் ஏற்படும் சேதத்துக்கு, அனுப்பும்போது நீங்கள் காப்புறுதி சேர்த்திருந்தால் மாற்றி அனுப்பிய நிறுவனத்திடம் கோரலாம். பெட்டி நசிந்திருப்பது தெரிந்தால் கையொப்பம் இடுமுன் கூரியர்காரர் நீட்டும் கடதாசியிலேயே அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பிரிப்பதற்கு முன்பும் பிரிக்கும்போதும் படம் எடுங்கள். பெட்டியையும் உள்ளே இருந்த பஞ்சு, கடதாசி எல்லாவற்றையும் முறைப்பாடு முடியும்வரை எறியவேண்டாம். கட்டிய விதம் சரியா என்று பார்க்க அவற்றைக் கேட்பார்கள். முறையிடுவதற்குத் தரப்படும் காலம் பொதுவாகச் சில நாட்களே என்பதால், பொதி வந்த அன்றைக்கே திறந்து பாருங்கள்.